இரண்டாம் பக்கத்துப் பெயர்கள்

மகனே,

கோபம் ஆறட்டும் என்று ஆறு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். கல்கத்தா லேக் கார்டன்ஸில் வளர்ந்து, வங்காளத்தில் சண்டை போட்டு, இங்கிலீஷில் சம்பாதிக்கும் உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நல்லதாகப் போயிற்று, மெதுவாகவே படி. உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து, "போதும், பிள்ளைய விடேன்" என்கிறார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்கு நான் இன்னும் தயாராகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எத்தனை குஷியாகப் பேசினாய்! உன் டூல்கிட்டின் புதுப் பதிப்பு வரப்போகிறது, இந்த முறை பொறுப்பு முழுக்க உன்னுடையது என்றாய். எனக்கும் சந்தோஷம்தான். ஊரில் உள்ளவர்கள் புரோகிராம் எழுதும்போது ஜன்னலையும் பொத்தானையும் எழுத்துப் பெட்டியையும் தாங்களே உட்கார்ந்து செதுக்காமல், தயாராக எடுத்து வைத்துக்கொள்ளும்படி செய்து கொடுக்கிற வேலை உன்னுடையது என்று நான் இந்தத் தெருவில் எத்தனை பேரிடம் விளக்கியிருக்கிறேன் தெரியுமா? இஸ்திரிக்காரருக்குக்கூடத் தெரியும். அப்புறம்தான் சொன்னாய்: "பழைய என்கோடிங் எல்லாத்தையும் ஃபைனலா தூக்கிட்டோம், மா. அந்தக் குப்பையெல்லாம் போச்சு. இனிமே யூனிகோட் மட்டும்தான்." சரி, பழைய ஃபைல் வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "கன்வர்ட் பண்ணியிருக்கணும். பண்ணலேன்னா யூசர் தப்பு. ரிலீஸ் நோட்ஸ்ல ஒரு லைன் போட்டிருக்கோமே." இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கடிதம்.

யூசர் தப்பு! எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லப் போவதில்லை, ஆனால் தெரிந்ததை நீ மறந்துவிட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று யாரோ ஒருவர் அட்டவணை போட வேண்டும். ஒரு காலத்தில் ஆளாளுக்கு ஓர் அட்டவணை போட்டார்கள். பஸ் நம்பர் மாதிரிதான். கல்கத்தாவில் ஒரு நம்பர் பஸ்ஸில் ஏறினால் டாலிகஞ்சுக்குப் போவாய், சென்னையில் அதே நம்பர் உன்னை வேறெங்கோ கொண்டு போய் இறக்கும். நம்பர் பொய் சொல்லவில்லை, எந்த ஊர் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உன் டூல்கிட்டில் இத்தனை நாள் ஒவ்வொரு எழுத்துப் பெட்டிக்கும் அந்த ஊரைச் சொல்லிக் கொடுக்க ஓர் இடம் இருந்தது. இந்தப் பெட்டியில் வருவது பழைய வங்காள அட்டவணை, அடுத்த பெட்டியில் வருவது தெலுங்கு என்று சொன்னால், அது பாட்டுக்குச் சரியாகக் காட்டும், சரியாகத் திருப்பி எழுதும். அந்த இடத்தைத்தான் நீ குப்பை என்று பெருக்கித் தள்ளினாய்.

இப்போது செவ்வாய்க்கிழமை கதைக்கு வருகிறேன். கிடர்பூர் துறைமுகத்தில் நான் வேலை பார்த்த சரக்குக் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது, உனக்கே தெரியும். ஆனால் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும் அவர்கள் குடும்பங்களும் எங்கும் போய்விடவில்லை. அவர்களுக்கென்று இருக்கும் நலச்சங்கத்தின் ஓர் அறையில் செவ்வாயும் வெள்ளியும் நானும் ஷ்யாமல்தாவும் உட்காருகிறோம். ஷ்யாமல்தாவை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். என்ட்ரி செக்‌ஷனில் இருந்தவர், துர்கா பூஜைக்கு உனக்குச் சட்டைத்துணி வாங்கிக் கொடுப்பார். இன்னார் இங்கே வேலை செய்தார், இன்னார் அவர் மனைவி, இவர்கள் பிள்ளைகள் என்று ஒரு காகிதம் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சின்ன வேலை என்று நினைக்காதே. இந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ அரசாங்க ஆபீஸோ, எங்கே போனாலும் நீ யார் என்று நிரூபி என்கிறார்கள். நாற்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பெண்டாட்டிக்கு, தான் அவர் பெண்டாட்டி என்பதற்கு எங்கள் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தப் பதிவேட்டில் வங்காளி, பீகாரி, ஒடியா, தெலுங்கர், நம்மவர் என்று எல்லாருடைய பெயரும் அவரவர் எழுத்தில் இருக்கிறது, அந்தக் காலத்து அட்டவணைகளில். மாற்றியிருக்கலாமே என்று உடனே ஆரம்பிக்காதே. மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒடியாப் பெயருக்கு யாரோ அவசரத்தில் வங்காள அடையாளம் வைத்திருப்பார்கள், அதை மெஷின் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, திரையைக் காட்டி, "இதுதானா உங்க பேரு?" என்று கேட்டுத்தான் மாற்ற முடியும். பாதிகூட முடியவில்லை. இந்த வேலைக்கு நான் எழுதிய புரோகிராம் எந்த டூல்கிட்டில் எழுதியது தெரியுமா? உன்னுடையதில். என் பிள்ளை அங்கே சேர்ந்திருக்கிறான் என்ற பெருமையில், எனக்குப் பழக்கமானதை விட்டுவிட்டு, அறுபது வயதுக்கு மேல் புதிதாகப் படித்து எழுதினேன்.

அதே பெருமையில்தான் செவ்வாய்க்கிழமை காலை, நீ அனுப்பிய சோதனைப் பதிப்பைச் சங்கத்து மெஷினில் போட்டேன். "பாருங்க ஷ்யாமல்தா, பாபாய் பண்ணினது" என்று உன் செல்லப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன், பொத்தான் எல்லாம் வழவழவென்று. முதல் பதிவைத் திறந்தேன், அடுத்ததற்குப் போனேன், அதற்கடுத்ததையும் தாண்டி நான்காவதற்குப் போனேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஒரு பெயர் நீளத்துக்கு. சரி, காட்டத் தெரியவில்லை போலிருக்கிறது, உள்ளே பத்திரமாக இருக்கும் என்று நினைத்துச் சேவ் பொத்தானைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். பார்த்தால் சேவ் பொத்தானே இல்லை! யாருக்கும் சிரமம் வேண்டாமென்று உங்கள் தயார்ப் படிவத்திலிருந்தே அதை எடுத்துவிட்டீர்களாம். ஒரு பதிவை விட்டு அடுத்ததற்கு நகர்ந்தாலே தானாகச் சேமித்துவிடுமாம். மூன்று பதிவைக் கடந்துவிட்டேனே என்று உறைத்ததும் எழுந்து போய்ச் சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கினேன். யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது, அன்றைக்கு அதுவே உபகாரமாயிற்று. "தீதி, எ கீ கொர்லேன்!" என்று ஷ்யாமல்தா அலறினார். அக்கா, என்ன செய்துவிட்டீர்கள் என்று அவர் கேட்ட கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்டது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று குடும்பம். தப்பித்துவிட்டார்கள், உன்னால் இல்லை. ஷ்யாமல்தா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மெஷினை மூடுவதற்கு முன் பதிவேட்டை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பைக்கு ஊக்கு குத்திக்கொண்டு போவார். நகல் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பார். நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நகலைப் போட்டு மூன்று பெயரையும் மீட்டோம். மீட்டு முடித்தபின் அவர் அந்தக் கட்டங்களை நான் போனில் பிடித்திருந்த படத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தீதி. கட்டம் இல்ல, வெறும் கேள்விக்குறி" என்றார். அவர் பேசியது வங்காளம், நான் உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த 'அன்னிக்கு' என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொன்னதில்லை. நீ அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாய். கம்பெனியில் பழைய கறுப்புத் திரைகளை எடுத்துவிட்டு, மவுஸ் வைத்து நகர்த்தும் புதுத் திரை போடச் சொன்னார்கள். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். புரோகிராமர் நான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண், செய்து காட்டிவிட வேண்டும் என்ற வெறி. அன்றைய டூல்கிட்டுக்கு ஒரு ஜன்னலுக்கு ஓர் அட்டவணைதான் தெரியும். நான் வங்காளமும் இங்கிலீஷும் சேர்ந்த அட்டவணையை வைத்தேன். முதல் பக்கத்தில் தொழிலாளியின் விவரம், அது இங்கிலீஷ், சரியாக வந்தது. இரண்டாம் பக்கத்தில் வாரிசின் பெயர், அது அவரவர் எழுத்தில். வங்காளப் பெயரைப் போட்டுப் பார்த்தேன், வந்தது. தெலுங்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒடியாவைப் பார்க்கவில்லை. தமிழைக்கூடப் பார்க்கவில்லை, கேட்டுக்கொள், தமிழைக்கூட! நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது, பொறுமைதான் இல்லை.

ஷ்யாமல்தாவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒவ்வொரு பதிவையும் திறந்து, பிறந்த தேதியைச் சரிபார்த்து, சேவ் அடிப்பது. அவர் இரண்டாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை, திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் சேவ் அடித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து எழுதப்படும்படி நான் செய்திருந்தேன். தனக்குத் தெரியாத எழுத்தையெல்லாம் டூல்கிட் கேள்விக்குறியாக வைத்துக்கொண்டிருந்தது, அந்தக் கேள்விக்குறிகளையே என் புரோகிராம் அக்கறையாகத் திருப்பி எழுதியது. முன்னால் இருந்தது போயே போயிற்று. இப்படியே பல வாரம் நடந்தது. அப்பாராவ் என்ற கிரேன் ஆபரேட்டர் மாரடைப்பில் இறந்து, அவர் மனைவி நாராயணம்மா கையில் பையோடு ஆபீஸ் ஜன்னல் முன் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. வாரிசு யார் என்று மேனேஜர் பிரிண்ட் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு கேள்விக்குறி வந்தது.

அன்று மாலையே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. என் மேசையில் உட்கார்ந்து ஒரு பொய்ப் பதிவு போட்டு, திறந்து, சேவ் அடித்து, மறுபடி திறந்தேன். கேள்விக்குறி. சத்தமில்லாமல் புரோகிராமைத் திருத்தினேன். மறுநாள் விசாரணையில் மேனேஜர் என்னைப் பார்த்து, "ப்ரோக்ராமில் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா?" என்று நேராகக் கேட்டார். பதிவில் கடைசியாகக் கை வைத்தது யார் என்ற இடத்தில் ஷ்யாமல்தாவின் பெயர் இருந்தது. "இல்லை சார், என்ட்ரி தப்பாக இருக்கும்" என்றேன். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வாக்கியம்தான், வார்த்தைதான் வேறு. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது, உன் அப்பாவை அஸ்ஸாமுக்கு மாற்றியிருந்தார்கள், உன்னை வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன் என்றெல்லாம் பல வருஷம் எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். எதுவும் நிற்கவில்லை. பயந்தேன், பொய் சொன்னேன். ஷ்யாமல்தாவுக்கு மெமோ கொடுத்து, கிடங்கு வாசலில் கேட் பாஸ் எழுதும் வேலைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தார்.

நாராயணம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாயா? காகித ஃபாரத்தைத் தேடினார்கள். ரெக்கார்டு ரூமில் முந்தின மழைக்கு முழங்கால் தண்ணீர், ஃபாரமெல்லாம் கூழ். கல்யாண போட்டோவைக் கொண்டு வந்தார், அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வந்தார், கோர்ட்டுக்குப் போய் எழுதி வாங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ ஒன்று குறைகிறது என்பார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் அந்த அம்மாள் பிள்ளைகளோடு விஜயநகரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு நாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, எனக்குத் தெலுங்கு தெரியும் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குப் பாதி புரிந்தது. புரியாத மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனேன்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். செய்தவளுக்குத்தான் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிப்பதில்லை. நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உனக்கு நினைவிருக்கும், நீ பத்தாவது படிக்கும்போது உன் புத்தகங்களுக்கு நடுவே ஒரு நோட்டு கிடைத்தது. முழுக்க வங்காளம், உன் கோழிக் கிறுக்கலில். அச்சடித்த வங்காளமே எனக்குத் தடவித் தடவித்தான் வரும். ஒரு பெண்ணின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது புரிந்தது. பரீட்சை நேரத்தில் காதல் கடிதமா என்று கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நீ பள்ளியிலிருந்து வந்து பார்த்தாய். தெருப் பூஜைக்கு நீங்கள் போட இருந்த நாடகம் அது, உன்னிடம் இருந்தது அந்த ஒரே பிரதி. அந்தப் பூஜை நான்கு நாளும் நீ என்னோடு பேசவில்லை. அஷ்டமியன்று மேடையில் மறந்துபோன வசனத்தை உருட்டிப் புரட்டி நீ ஒப்பேற்றியதை நான் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை, கேட்டிருக்க மாட்டேன். இப்போது கேட்கிறேன். அன்று உனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்ததோ, அப்படித்தான் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

செவ்வாய்க்கிழமை ஷ்யாமல்தா 'அன்னிக்கும் இப்படித்தான்' என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அறையிலேயே, டீ ஆறிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இல்லை, என் புரோகிராம். அன்று மாலையே எனக்குத் தெரியும், தெரிந்தும் உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்று சொன்னேன். திட்டுவார், எழுந்து போய்விடுவார், இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "நீங்க நல்லவங்க, தீதி. எனக்காகச் சொல்றீங்க" என்றார். "எனக்குத் தெரியாதா? அப்ப வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வேலைக்கு வருவேன். தூக்கத்துல கீபோர்டு மேல கை விழுந்திருக்கும். நான்தான் பண்ணியிருப்பேன்." இல்லை என்றேன். புரோகிராம் எப்படி எழுதியிருந்தேன் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். அதைப் பார்க்கக்கூட இல்லை. "அது நீங்க எழுதின ப்ரோக்ராம். நீங்க அப்படியெல்லாம் தப்பு பண்ண மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார்.

இதற்கு நான் என்ன செய்ய? என் மேல் அவர் வைத்திருக்கும் மரியாதையே என் வாக்குமூலத்தை நம்பவிடவில்லை. இத்தனை வருஷமும் அந்த மனிதர் தன் கையையே நம்பாமல் வாழ்ந்திருக்கிறார். மளிகைச் சீட்டு எழுதினால்கூட மூன்று முறை படித்துப் பார்ப்பாராம், வீட்டில் கேலி செய்வார்களாம். பென் டிரைவுக்கு ஊக்கு ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது, நான் கிண்டல் செய்ததெல்லாம் இப்போது என்னையே குத்துகிறது. வெள்ளிக்கிழமை மறுபடி சொல்லிப் பார்த்தேன். இந்த முறை அவருக்குக் கொஞ்சம் எரிச்சல். "விடுங்க தீதி. ஒரு பெட்டி தானா பேரை அழிக்குமா என்ன? பாபாய் வந்தா கேக்கறேன். அவன் பெட்டி செய்யறவன், அவனுக்குத் தெரியும்" என்றார். நகலை எடுத்து, மூன்று முறை பார்த்து, ஊக்கைக் குத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

யூனிகோட் வேண்டாம் என்று சொல்கிற பைத்தியம் இல்லை நான். அது வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பழைய அட்டவணைகளைப் பார்த்துக்கொள்ள உங்களிடம் ஆள் இல்லை, அந்தப் பகுதியில் ஓட்டை இருக்கிறது, எவனாவது அதன் வழியாக உள்ளே புகுந்துவிடுவான் என்று நீ சொன்னதும் நியாயமாகவே இருக்கட்டும். எடுத்துவிடுவதுதான் முடிவென்றால் எடு. காட்டத் தெரியவில்லை என்றால் காட்டாதே, பெட்டியைக் காலியாக வை, 'எனக்கு இது தெரியாது' என்று எழுதிப் போடு. ஆனால் தெரியாத ஒன்றின் மேல் எழுதாதே! வந்த எண்களை வந்தபடியே வைத்திருந்து திருப்பிக் கொடுக்க உனக்கு என்ன கேடு? பத்து வரி, மிஞ்சினால் இருபது. நானே எழுதி அனுப்பியிருப்பேன், ஆனால் என் பிள்ளை எழுத வேண்டிய வரி அது. கிடர்பூரில் எங்களுக்கு ஓர் ஊக்கு குத்திய பை இருந்தது. உன் டூல்கிட்டை வைத்துக்கொண்டு எந்த ஊரில் எந்த ஆபீஸில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? வரும் புதன்கிழமை பதிப்பு வெளியாகும். வியாழக்கிழமை காலை எங்கோ ஒரு ஷ்யாமல் ஒரு பதிவைத் திறந்து அடுத்ததற்கு நகர்வார். மாதங்கள் கழித்து அவர் பெயரைக் காட்டி யாரோ மெமோ அடிப்பார்கள். ரிலீஸ் நோட்ஸின் ஒரு வரியைக் கொண்டுபோய் அவரிடம் யார் படித்துக் காட்டப் போகிறார்கள்?

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் இருப்போம். எனக்கு வேண்டாம், ஷ்யாமல்தாவின் போனுக்குக் கூப்பிடு. அவர் முதலில் கண்ணாடியைத் தேடுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள். உன் வங்காளம் என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும். பெட்டி தானாகப் பெயரை அழிக்குமா என்று அவர் கேட்பார். அழிக்கும் என்று சொல். நான் செய்த பெட்டியே அழிக்கிறது ஷ்யாமல் காக்கு, போன வாரம் நீங்களே பார்த்தீர்களே என்று சொல். அந்தக் காலத்துப் பெட்டியும் அப்படித்தான், உங்கள் கை எங்கேயும் விழவில்லை, என் அம்மாதான் தப்பாக எழுதினாள், தெரிந்தே உங்கள் மேல் போட்டாள் என்று சொல். தயங்காமல் சொல், நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகும் உனக்கு அது யூசர் தப்பு என்றே தோன்றினால், புதன்கிழமை உன் இஷ்டப்படி செய்.

அப்பாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா